துணி எடுக்கும் காலம்

நம்முடைய பழைய இலக்கணக்காரர்கள் ஆண்டை ஆறு பருவங்களாகப் பிரித்தார்கள்: கார், கூதிர், முன்பனி, பின்பனி, இளவேனில், முதுவேனில். பெயர்கள் அழகாகத்தான் இருக்கின்றன. ஆனால் பாலாற்றங்கரையில் வேலூரிலிருந்து வாணியம்பாடி வரை வசிக்கிறவர்களைக் கேட்டால், வெயில் காலம் ஒன்று, அதைவிடச் சற்றுக் குறைந்த வெயில் காலம் ஒன்று என்று இரண்டோடு நிறுத்திக்கொள்வார்கள். இப்படிப்பட்ட சீமையில் பருவத்துக்கு ஏற்ற உடை என்று ஒருவர் பேச ஆரம்பித்தால் சிரிப்புத்தான் வரும். மார்கழிப் பனிக்கு ஒரு பழைய சால்வை, ஐப்பசி மழைக்கு ஒரு குடை. மற்றபடி வருஷம் பூராவும் அதே பருத்தித் துணிதான்.

அப்படியிருந்தும் ஆம்பூர்க் கடைத்தெருவில் துணி எடுப்பதற்கென்று பருவங்கள் இருக்கின்றன. ஜவுளிக் கடைக்காரருக்கு அவை தெரியும். தையற்காரருக்கு அதைவிட நன்றாகத் தெரியும். அவர் ஒரு தேதிக்குமேல், "இனிமேல் கொடுத்தால் பண்டிகை கழித்துத்தான்" என்று அளவு நாடாவைக் கழுத்தில் போட்டுக்கொண்டு கையை விரித்துவிடுவார். இந்தப் பருவங்கள் வானத்தைப் பார்த்து வருவதில்லை. கையில் காசு வரும் நாளைப் பார்த்து வருகின்றன. சொற்ப வருமானத்தில் குடித்தனம் நடத்துகிறவர்களுக்கு அந்த நாள்தான் பருவம். அந்த நாளை யார் குறித்தார்கள், எதற்காகக் குறித்தார்கள் என்று விசாரித்துக்கொண்டு போனால் ஒரு நூறு வருஷத்துச் சரித்திரம் கிடைக்கிறது.

கழனியை நம்பிப் பிழைத்த காலத்தில் இதில் சிக்கல் இல்லை. தை பிறந்தால் நெல் வீட்டுக்கு வரும். நெல் வந்தால் துணி வரும். பண்ணையில் உழைத்தவனுக்கு அந்தச் சுதந்திரமும் கிடையாது. வருஷத்துக்கு ஒருமுறை பண்டிகையை ஒட்டி எஜமான் வீட்டில் ஒரு வேட்டியும் ஒரு புடவையும் கொடுப்பார்கள். என்ன நிறம், என்ன கரை என்று தேர்ந்தெடுக்கும் உரிமை கொடுக்கிறவருடையது. உடுத்துகிறவர் வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொள்ள வேண்டியதுதான்.

தோல் தொழில் வந்தபிறகு இந்தப் பகுதியில் காசுக் கூலி வந்தது. ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, ராணிப்பேட்டை, மேல்விஷாரம் என்று பாலாற்று நீரையும் ஆவாரம்பட்டையையும் நம்பித் தோல் பதனிடும் தொட்டிகள் பெருகின. சுண்ணாம்புக் குழியில் இறங்கி நின்றவன் நெல்லுக்குப் பதிலாக நாணயத்தைப் பெற்றான். இனி அவன் தன் வேட்டியைத் தானே தேர்ந்தெடுக்கலாம் அல்லவா? தேர்ந்தெடுக்கலாம்தான், ஆனால் கையில் வந்த கூலி அரிசிக்கும் வாடகைக்கும் போய்விடும். பண்டிகை என்று ஒன்று வரும்போது அவன் கடன்காரனிடம் போனான். 1929இல் நியமிக்கப்பட்ட விட்லி துரை தலைமையிலான ராயல் கமிஷன் இந்தியத் தொழிலாளர் நிலையை ஆராய்ந்து 1931இல் அறிக்கை கொடுத்தது. பெரும்பாலான தொழில் நகரங்களில் மூன்றில் இரண்டு பங்குக் குடும்பங்களாவது கடனில் இருக்கின்றன, அநேகரின் கடன் மூன்று மாதச் சம்பளத்துக்கும் அதிகம் என்று அதில் எழுதியிருக்கிறார்கள். கல்யாணமும் பண்டிகையும் இந்தக் கடனுக்கு முக்கிய காரணங்கள் என்றும் சொன்னார்கள். படித்தவர்கள் உடனே, "ஏழைக்கு எதற்குப் புதுத்துணி?" என்று கேட்டார்கள். வருஷத்தில் ஒரே ஒரு நாள் குழந்தைக்குப் புதுச் சட்டை போட்டுப் பார்க்க வேண்டும் என்று ஒருவன் ஆசைப்பட்டால் அதற்கு ஊதாரித்தனம் என்று பெயர் வைப்பது எனக்கு என்றுமே சம்மதமாக இருந்ததில்லை.

பிறகு யுத்தம் வந்தது. முதல் உலக யுத்தத்திலேயே சென்னை மாகாணத்தில் பதனிட்ட தோலைப் பிரிட்டிஷ் ராணுவப் பூட்ஸுகளுக்காக சர்க்கார் தன் பொறுப்பில் வாங்கியது. இரண்டாவது யுத்தத்திலும் தோலுக்குக் கிராக்கி இருந்தது. துணிதான் கிடைக்கவில்லை. ஆலைகள் ராணுவத்துக்கு நெய்தன. வெளியிலிருந்து வந்த துணி நின்றது. விலை ஏறிக்கொண்டே போயிற்று. 1943இல் பருத்தித் துணி, நூல் கட்டுப்பாட்டு உத்தரவு பிறந்தது. ஆலைத் துணியிலேயே விலையை முத்திரை குத்த வேண்டும் என்பது அதன் ஒரு விதி. முத்திரை குத்திய துணி முன்வாசலில் தீர்ந்துபோகும். பின்வாசலில் வேறு விலைக்குக் கிடைக்கும்.

என் தாய்வழிப் பாட்டி குடியாத்தத்துக்காரி. அந்த வருஷங்களில் கல்யாணமாகி வந்தவள். லுங்கிக்குப் பேர்போன ஊர் குடியாத்தம். தெருவுக்குத் தெரு தறி. ஆனால் நூல் கிடைக்காமல் தறிகள் சும்மா கிடந்தன என்பாள். "நெய்யறவன் வூட்டுலயே கட்டிக்கத் துணியில்லடா, போ!" என்று அவள் சொல்லும்போது கொஞ்சம் சிரிப்பும் இருக்கும். இரண்டு புடவைகளில் நைந்த பாகத்தை வெட்டி எறிந்துவிட்டு, நல்ல பாகங்களை நடுவில் மூட்டி ஒன்றாக்கிக் கட்டுவார்களாம். மூட்டிய தையல் கொசுவத்துக்குள் மறைய வேண்டும் என்பதுதான் அதில் உள்ள சாமர்த்தியம்.

அதே சமயத்தில் பூட்ஸ் போய்ச் சேர்ந்த இங்கிலாந்தில் என்ன நடந்தது தெரியுமா? 1941 ஜூன் 1ந் தேதி அங்கே துணிக்குப் பங்கீடு வந்துவிட்டது. முதலில் ஆளுக்கு வருஷத்துக்கு 66 கூப்பன். ஆண்கள் காலணி ஒரு ஜோடிக்கு 7 கூப்பன், பெண்கள் காலணிக்கு 5. காசு எவ்வளவு இருந்தாலும் கூப்பன் இல்லாமல் கடையில் துணி வாங்க முடியாது. பழையதை ஒட்டுப்போட்டு உடுத்துவது எப்படி என்று 1943இல் சர்க்காரே ஒரு சிறு புத்தகம் போட்டது. என் பாட்டி அதைப் படித்திருந்தால், மூட்டுப் புடவையைப் பற்றி ஒரு அத்தியாயம் சேர்க்கச் சொல்லியிருப்பாள். அந்தப் பங்கீடு 1949 மார்ச் வரை நீடித்தது. லண்டனில் சீமாட்டியும் வேலைக்காரியும் ஒரே எண்ணிக்கைக் கூப்பனை வைத்துக்கொண்டு திட்டம் போட்டார்கள் என்பது அதன் நியாயம். இங்கே கட்டுப்பாடு இருந்தது. அந்த நியாயம் இருந்ததாகப் பாட்டி சொல்லவில்லை. 1948 தொடக்கத்தில் துணிக் கட்டுப்பாட்டை எடுத்துப் பார்த்தார்கள். விலை தாவிக் குதித்தது. அந்த வருஷமே மறுபடியும் கட்டுப்பாடு வந்தது.

இனி போனஸுக்கு வருகிறேன். அதுதான் இந்தக் கதையின் நடு நாயகம்.

1917இல் பம்பாய் ஆலை முதலாளிகள் விலைவாசி ஏற்றத்துக்காகத் தொழிலாளருக்குச் சம்பளத்தில் பத்து சதவிகிதம் யுத்த போனஸ் என்று கொடுத்தார்கள். அது இனாம் என்பது அவர்களுடைய அபிப்பிராயம். அடுத்த சில வருஷங்களில் அதை நிறுத்தியபோது, இது எங்கள் உரிமை என்று தொழிலாளர்கள் சொன்னார்கள். 1924இல் பம்பாய்ப் பிரதம நீதிபதி தலைமையில் ஒரு குழு விசாரித்து, சட்டப்படி அப்படி ஓர் உரிமை இல்லை என்று தீர்ப்புச் சொல்லிற்று. இனாமா, உரிமையா என்ற இந்தச் சண்டை கால் நூற்றாண்டு நடந்தது. 1950இல் தொழிலாளர் அப்பீல் டிரிப்யூனல், லாபம் வந்தால் அதில் தொழிலாளிக்குப் பங்கு உண்டு என்று ஒரு கணக்கு வகுத்தது. 1961இல் மெஹர் தலைமையில் போனஸ் கமிஷன் அமைந்தது. 1964இல் அறிக்கை வந்தது. 1965இல் போனஸ் சட்டம் நிறைவேறியது. லாபமோ நஷ்டமோ, குறைந்தபட்சம் 4 சதவிகிதம். 1972இல் அதை 8.33 ஆக உயர்த்தினார்கள். 1975இல் நெருக்கடி நிலையின்போது அதைப் பிடுங்கிக்கொண்டார்கள். 1977இல் திரும்பக் கொடுத்தார்கள். 2019இல் இயற்றிய ஊதியச் சட்டத் தொகுப்பும் அதே 8.33ஐ எடுத்துக்கொண்டது.

இந்த 8.33 எங்கிருந்து வந்தது என்று வாசகர்கள் கேட்கலாம். நூறைப் பன்னிரண்டால் வகுத்துப் பாருங்கள். வருஷத்துக்குப் பன்னிரண்டு சம்பளம் வாங்குகிறவனுக்குப் பதின்மூன்றாவதாக ஒன்று என்பதுதான் அதன் பொருள்.

அதைவிட சுவாரஸ்யமான சங்கதி ஒன்று உண்டு. கணக்கு வருஷம் முடிந்த எட்டு மாதத்துக்குள் போனஸ் கொடுத்துவிட வேண்டும் என்று சட்டம் சொல்லிற்று. மார்ச்சில் கணக்கை முடிக்கும் கம்பெனிக்கு நவம்பர் 30 கடைசி நாள். தீபாவளி அக்டோபர் நடுவிலிருந்து நவம்பர் நடுவுக்குள் வந்துவிடுகிறது. ஆக, தீபாவளி என்ற வார்த்தையைச் சொல்லாமலே சட்டம் தீபாவளிக்கு இடம் வைத்துவிட்டது. இன்னொரு விதியில், பூஜா போனஸ் என்று முன்னமே கொடுத்திருந்தால் அதைக் கழித்துக்கொள்ளலாம் என்று பண்டிகையைப் பேர் சொல்லியே குறிப்பிட்டிருந்தார்கள். வங்காளத்துத் துர்க்கா பூஜைக்காரர்களின் பழக்கம் அது. அந்த எட்டு மாதத்தின் அருமையை ஓர் உதாரணத்தால் சொல்கிறேன். 1936ஆம் வருஷத்துச் சம்பளப் பட்டுவாடாச் சட்டப்படி, ஆயிரம் பேருக்குக் குறைவான தொழிற்சாலையில் மாதச் சம்பளத்தை அடுத்த மாதம் 7ந் தேதிக்குள் கொடுக்கலாம் என்று இருந்தது. 2005இல் தீபாவளி நவம்பர் 1ந் தேதி வந்தது. சம்பளத்தை மட்டும் நம்பியிருந்தவன் வீட்டில் பண்டிகை முடிந்த பிறகுதான் சம்பளம் வரும்! போனஸ் கவர்தான் அந்த வீட்டின் மானத்தைக் காப்பாற்றியிருக்கும்.

இந்தக் கவர் வீட்டுக்கு வந்த பிறகு நடக்கும் மந்திராலோசனையை நான் பல வீடுகளில் கவனித்திருக்கிறேன். ஏழாயிரம் ரூபாய் வந்ததாக வைத்துக்கொள்வோம். பழைய பாக்கி இரண்டாயிரம். பலகாரம், பட்டாசு ஆயிரம். மீதி நாலாயிரம் துணிக்கு. மாமியாருக்கு ஒரு நூல் புடவை ஐந்நூறு. குழந்தைகள் இருவருக்கும் ஆயிரத்து அறுநூறு, தையற்கூலி நானூறு. குடும்பத் தலைவருக்கு வேட்டி சட்டை தொள்ளாயிரம். கூட்டிக் கழித்தால் அறுநூறு மிஞ்சும். அதுதான் குடும்பத் தலைவியின் பங்கு. அதற்குள் ஊரிலிருந்து நாத்தனார் வந்துவிட்டால் அந்த அறுநூறும் நாத்தனாருக்கு. சம்பளமும் விலையும் வீட்டுக்கு வீடு மாறலாம். இந்த வரிசை மட்டும் மாறி நான் பார்த்ததில்லை.

இந்தக் கணக்கில் எத்தனை சாமர்த்தியங்கள்! பையனுக்குச் சட்டை இரண்டு விரற்கடை பெரிதாக இருக்க வேண்டும். பெண்ணுக்குப் பாவாடையின் அடியில் அகலமாக மடித்துத் தைக்க வேண்டும், அடுத்த தீபாவளிக்குப் பிரித்துவிட. ஒரே தானில் கிழித்தால் கஜத்துக்குச் சில்லறை குறையும். ஆகையால் அண்ணன், தம்பி, சித்தப்பா பையன் மூவரும் ஒரே கட்டம் போட்ட சட்டையில் பாண்டு வாத்தியக்காரர்கள் மாதிரி நிற்பார்கள். ஜூனில் பள்ளிக்கூடம் திறக்கும்போது வருகிற சீருடைச் செலவை நினைத்து, தீபாவளிக்கே வெள்ளைச் சட்டை எடுத்துவிடும் தாய்மார்களும் உண்டு. பையன் அழுவான். அழுகையை மத்தாப்பு சமாதானப்படுத்தும்.

இதில் ஓர் அநியாயமும் இருக்கிறது. ஆடி மாதத்தில் கல்யாணம் கிடையாது, வியாபாரம் மந்தம். ஆகவே கடைக்காரர்கள் தள்ளுபடி கொடுக்கிறார்கள். துணி மலிவாக இருக்கும் மாதம் ஆடி. போனஸ்காரன் கையில் காசு வரும் மாதம் ஐப்பசி. அப்போது கடையில் கால் வைக்க இடமிராது. தள்ளுபடிக்கு என்ன அவசியம்? கையிருப்பு உள்ளவன் ஆடியில் குறைந்த விலைக்கு எடுத்துப் பெட்டியில் வைத்துக்கொள்கிறான். இல்லாதவன் ஐப்பசியில் முழு விலை கொடுக்கிறான். ஒரே புடவைக்கு ஏழை அதிகமாகவும் பணக்காரன் குறைவாகவும் கொடுக்கும் வேடிக்கை இப்படித்தான் நடக்கிறது.

இந்த இடைவெளியைத் தாண்டுவதற்காகப் பெண்கள் கண்டுபிடித்தது தீபாவளிச் சீட்டு. வாரா வாரம் சிறு தொகை. பண்டிகைக்கு முன்னால் மொத்தமாகத் துணியோ பணமோ. நாணயமான கையில் அது வரப்பிரசாதம். நாணயமற்றவர் கையில் என்ன ஆகும் என்பது வேலூர்ப் பக்கத்தில் யாரும் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. சர்க்காரும் சில வழிகள் செய்தது. 1935இல் ஏற்பட்ட கைத்தறி நெசவாளர் கூட்டுறவுச் சங்கம்தான் பின்னால் கோ-ஆப்டெக்ஸ் என்று பெயர் பெற்றது. 1953இல் ஆலைத் துணிக்கு ஒரு தீர்வை போட்டு, அந்தப் பணத்தில் கைத்தறியை ஆதரிக்கச் சட்டம் செய்தார்கள். கைத்தறித் துணிக்குக் கிடைத்த பண்டிகைத் தள்ளுபடிக்கு அது அடிப்படை. கோ-ஆப்டெக்ஸ் தள்ளுபடி ஆடியில் நிற்காமல் தீபாவளிக்கும் வந்தது. குடியாத்தத்துத் தறிக்காரருக்கு வேலையும் ஆம்பூர்த் தொழிலாளிக்கு மலிவும் ஒரே ரசீதில் கிடைக்கச் செய்த ஏற்பாடு அது.

இதுவரை தீபாவளியைப் பற்றியே பேசினேன். ஆம்பூரில் அது பாதிக் கதைதான். முதலாளிகளிலும் தொழிலாளிகளிலும் முஸ்லிம்கள் ஏராளமாக உள்ள ஊர் அது. ஒரே மேஜையின் இரு பக்கமும் உட்கார்ந்து வேலை செய்கிறவர்களில் ஒருவர் தீபாவளிக்கும் மற்றவர் நோன்புப் பெருநாளுக்கும் துணி எடுக்க வேண்டும். தீபாவளி ஐப்பசியை விட்டுப் பெரும்பாலும் நகராது. நோன்புப் பெருநாள் பிறைக் கணக்கு. வருஷத்துக்குப் பதினொரு நாள் முன்னால் ஓடி, ஏறக்குறைய 33 வருஷத்தில் ஒரு சுற்றுச் சுற்றிவிடும். 2005இல் தீபாவளி நவம்பர் 1, பெருநாள் அதே வாரம். 2006இல் தீபாவளி அக்டோபர் 21, நாலைந்து நாளில் பெருநாள். அந்த இரண்டு வருஷமும் ஒரே போனஸ், ஒரே கூட்டம், ஒரே தையற்காரரின் வாசலில் இரு வீட்டுக் காத்திருப்பு. பிறகு பெருநாள் நகர்ந்து வெயில் காலத்துக்குப் போயிற்று. போனஸ் ஐப்பசியிலேயே நின்றது. பெருநாள் மே மாதத்தில் வந்தால், ஐப்பசியில் வந்த பணத்தை ஏழு மாதம் கையில் பிடித்து வைத்திருக்க வேண்டும். பணத்தைப் பிடித்து வைத்திருப்பது எவ்வளவு கஷ்டம் என்பது குடும்பஸ்தர்களுக்குத் தெரியும். 2037, 2038ஆம் வருஷங்களில் கணக்குப்படி இரண்டு பண்டிகையும் மறுபடி நெருங்கி வரும். ஆம்பூர்ப் புதுமணத் தம்பதிகள் நாள்காட்டியில் குறித்து வைத்துக்கொள்ளலாம்.

இந்தப் பண்டிகை நாள்காட்டிகளுக்கு மேலே மூன்றாவதாக ஒரு நாள்காட்டி ஆம்பூரை ஆள்கிறது. அது ஐரோப்பாவின் நாள்காட்டி. 1972இல் சீதாராமையா குழு யோசனை சொல்ல, 1973 முதல் பச்சைத் தோல் ஏற்றுமதியைத் தடுத்து, அரைகுறையாகப் பதனிட்ட தோலுக்கும் வரம்பு கட்டினார்கள். தோலாக அனுப்பாதே, பொருளாக்கி அனுப்பு என்பது கொள்கை. அதன் பிறகு பூட்ஸ், ஷூ தொழிற்சாலைகள் வளர்ந்தன. அவற்றில் தையல் வேலையில் பெண்கள் பெரும்பான்மையாக அமர்ந்தார்கள். அயல்நாட்டுக் கடைகளுக்கு வசந்த-கோடைப் பருவம் ஒன்று, இலையுதிர்-குளிர்ப் பருவம் ஒன்று. கத்திரி வெயிலில் மின்விசிறிக்கடியில் வியர்வையைத் துடைத்துக்கொண்டு ஆம்பூர்ப் பெண் தைப்பது, பனியில் நடப்பதற்கான பூட்ஸ். அங்கே ஒருத்தி பருவத்துக்கு ஒன்று வாங்குவதால்தான் இங்கே ஒருத்திக்கு வருஷத்துக்கு ஒரு புடவை.

அந்த நாள்காட்டி கிழிந்தால் இதுவும் கிழியும். 2020 மார்ச் 25ந் தேதி இங்கே ஊரடங்கு. அங்கேயும் கடைகள் மூடிக் கிடந்தன. 2025 ஆகஸ்ட் 27ந் தேதி அமெரிக்கா இந்தியச் சரக்குகளின்மேல் விதித்த வரி 50 சதவிகிதத்தை எட்டியது. அந்த வருஷம் தீபாவளி அக்டோபர் 20. நடுவில் 54 நாள். ஆர்டர் நிற்குமா, ஓவர்டைம் இருக்குமா, போனஸ் சட்டம் சொல்லும் அளவோடு நிற்குமா என்று வாஷிங்டன் செய்தியைப் பார்த்துக்கொண்டே ஆம்பூரில் துணிக் கணக்குப் போட்டார்கள்.

ஆனாலும் போனஸ் கவர் ஒரு பெண்ணின் கைக்கே நேராக வந்தது சிறிய மாறுதல் அல்ல. அறுநூறு ரூபாய் மிஞ்சுமா என்று கடைசியில் நின்று பார்த்தவள், இப்போது பட்டியலை எழுதுகிறாள். எழுதும்போதும் தன் பெயரைக் கடைசியில்தான் எழுதுகிறாள் என்று ஒரு தொழிற்சாலைப் பெண்மணி என்னிடம் சொல்லிச் சிரித்தாள். "ஆனா சார், இப்ப பேனா என் கையில" என்றும் சொன்னாள்.

அந்தப் பேனா எல்லோருக்கும் கிடைத்துவிடவில்லை. வீட்டில் பீடி சுற்றுகிறவர்கள், கூலிக்குப் போகிறவர்கள், வேலை செய்ய முடியாமல் முதுமையடைந்தவர்கள் பலருக்குக் காசு வரும் நாள் என்று ஒன்று கிடையாது. அவர்களை நினைத்துத்தான் 1983இல் எம்.ஜி.ஆர். சர்க்கார் பொங்கலுக்கு இலவச வேட்டி, சேலை கொடுக்க ஆரம்பித்தது. நெசவாளிக்கும் அதில் வேலை இருந்தது. ஆனாலும் 2023 பிப்ரவரி 4ந் தேதி வாணியம்பாடியில் நடந்ததை மறக்க முடியாது. தைப்பூசத்தை ஒட்டி ஒரு தனியார் இலவச வேட்டி சேலை கொடுப்பதாக அறிவித்து டோக்கன் வழங்கினார்கள். கூட்டம் நெருக்கியது. நான்கு மூதாட்டிகள் மிதிபட்டு இறந்தார்கள். டோக்கன்தான் அன்றைக்கு, புடவைகூட இல்லை.

அவர்களில் யாரும் ஆடம்பரத்துக்கு ஆசைப்பட்டுப் போனவர்கள் அல்ல. எஜமான் கொடுக்கும் நாளுக்குக் காத்திருந்த பழைய காலத்திலிருந்து, இன்ன தேதிக்குள் கொடுத்தாக வேண்டும் என்று சட்டம் எழுதிய காலம் வரைக்கும் நாம் வந்திருக்கிறோம். அந்தத் தேதி அவர்களுடைய வீட்டு வாசல்வரை போய்ச் சேரவில்லை. இனிமேல் எழுதப்படும் கணக்குகளில் அவர்களுக்கும் ஒரு தேதி இருக்க வேண்டும். அன்றைக்கு அவர்கள் ஜவுளிக் கடையில் உட்கார்ந்து, இந்தக் கரை வேண்டாம், அந்தக் கரையை எடு என்று சொல்ல வேண்டும்.